"நானே போடுவேன்!"

இந்தப் பக்கத்தைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள், பிள்ளைகளே. நீங்கள் போட்டிருக்கும் சட்டையில் ஒரு பொத்தானைக் கழற்றுங்கள். கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள். இப்போது அதைத் திரும்பவும் பூட்டுங்கள்.

பூட்டிவிட்டீர்களா? நல்லது. அடுத்த வேலை. அதே பொத்தானைக் கழற்றி, ஒரே கையால், அதுவும் நீங்கள் எழுதாத கையால், பூட்டிப் பாருங்கள். பொத்தான் வழுக்கும். துளை விலகிப் போகும். தள்ளினால் துணியும் சேர்ந்து வரும். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் வரும், யாராவது வந்து பூட்டிவிட்டால் போதும் என்றிருக்கும். மூன்று நான்கு வயதுத் தம்பியோ தங்கச்சியோ காலையில் சட்டையோடு மல்லுக்கட்டும்போது கிட்டத்தட்ட இந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

கண்டிப் பக்கத்துக் காலைகள் உங்களுக்குத் தெரியும். ஏழரைக்குப் பாடசாலை மணி அடித்துவிடும். கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் பேராதனையிலிருந்தும் வருகிற பஸ்கள் நகரத்துக்குள் நுழையுமுன்பே நெரிசலில் மாட்டிக்கொள்ளும். கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் அம்மா பிரட்டுக்குப் போகவேண்டும்; அதற்குள் சின்னதைப் பிள்ளை மடுவத்தில் விட்டாகவேண்டும். இந்த அவசரத்தில் பெரியவர்கள் பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, கையை இழுத்துச் சட்டைக்குள் நுழைத்து, பொத்தானையும் தாங்களே பூட்டி அனுப்பிவிடுவார்கள். சின்னது "நானே போடுவேன்!" என்று கத்தும், அழும், போட்ட சட்டையைக் கழற்றி எறியும். வீட்டில் எல்லோரும் அதைப் பிடிவாதம் என்பார்கள்.

அது பிடிவாதமாக மட்டும் இருந்தால் இந்தக் கட்டுரை தேவையில்லை. அந்த வயதில் பிள்ளையின் எலும்பு, தசை, நரம்பு, காது, மூளை எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய வேலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கின்றன. உடுப்புப் போடுவதுதான் அதற்குத் தினமும் கிடைக்கிற பயிற்சி. அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

முதலில் கையைப் பார்ப்போம். வலது கையால் உங்கள் இடது முன்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், முழங்கைக்குச் சற்றுக் கீழே. இப்போது இடது கை விரல்களைப் பியானோ வாசிப்பதுபோல ஆட்டுங்கள். பிடித்திருக்கும் இடத்தில் ஏதோ நெளிகிறது, இல்லையா? விரலை ஆட்டுகிற தசை அங்கே இருக்கிறது! விரல்களுக்குள் தசையே கிடையாது. அவற்றை அசைக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான நாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல் எலும்புகளுக்குப் போகின்றன. பொம்மலாட்டக்காரர் மேலே நின்று நூலை இழுக்க, கீழே பொம்மை கையை ஆட்டுகிறதே, அந்த ஏற்பாடுதான்.

நூல் ஓடும் வழியில் மணிக்கட்டு இருக்கிறது. ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றில் எட்டு மணிக்கட்டில் இருக்கின்றன. ஆனால் பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால், பெரும்பாலும் அந்த எட்டில் ஒன்றுகூடத் தெரியாது. அவை எல்லாம் இன்னும் மென்மையான குருத்தெலும்பாகவே இருக்கும். எக்ஸ்ரேயில் அது படாது. பிறந்து சில மாதங்களில் முதல் இரண்டு எலும்புகள் இறுகத் தொடங்கும். பிறகு ஒவ்வொன்றாக, ஆறு ஏழு வயதாகும்போது ஏழு தெரியும். எட்டாவது, பட்டாணிக் கடலை அளவில் இருக்கும் குட்டி எலும்பு, ஒன்பது வயதுக்குப் பிறகுதான் பெரும்பாலும் எட்டிப் பார்க்கும். இதனால் மணிக்கட்டு எக்ஸ்ரேயைப் பார்த்தே ஒரு பிள்ளையின் எலும்பு வளர்ச்சியை வைத்தியர்கள் மதிப்பிடுகிறார்கள். நீங்கள் நாலாம் தரத்திலோ ஐந்தாம் தரத்திலோ படிக்கிறீர்கள் என்றால் உங்கள் மணிக்கட்டே இப்போதுதான் முழுமையாகிக்கொண்டிருக்கிறது. நான்கு வயதுத் தம்பியின் மணிக்கட்டில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் பொத்தானோடு போராடுகிறான்.

பொத்தானைப் பிடிப்பது பெருவிரலின் நுனியும் சுட்டுவிரலின் நுனியும். இந்தக் கிள்ளுப்பிடி குழந்தைக்கு ஒன்பது பத்து மாதத்தில் வருகிறது. தரையில் கிடக்கும் சோற்றுப் பருக்கையை எடுத்து வாயில் போடுகிற வயது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவின் விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு இலையும் ஒரு மொட்டும் அந்த நுனிகளுக்குள் வந்து ஒடிந்துவிடும். அம்மாவின் கண் அதற்குள் அடுத்த கொழுந்தில் இருக்கும். பருக்கை எடுத்த பிடிதான் வளர்ந்து, வேகம் பிடித்து, அங்கே வந்து நிற்கிறது.

பிடி வந்துவிட்டால் பொத்தான் பூட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பூட்டும்போது என்ன நடக்கிறது என்று மெதுவாகச் செய்து பாருங்கள். ஒரு கை துளையுள்ள துணியை இறுக்கிப் பிடிக்கிறது. மற்றக் கை பொத்தானைச் சாய்த்து, அதன் விளிம்பைத் துளைக்குள் தள்ளுகிறது. பாதி போனதும் ஒரு மாற்றம் வருகிறது. துணியைப் பிடித்திருந்த கை இப்போது பொத்தானின் மறுபக்கத்தைப் பிடித்து இழுக்கவேண்டும். பொத்தானைத் தள்ளிய கை அதை விட்டுவிட்டுத் துணியைப் பிடிக்கவேண்டும். ஒரு நொடிக்குள் இரண்டு கைகளும் வேலையை மாற்றிக்கொள்கின்றன. சின்னப் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தள்ளுவார்கள், பொத்தான் பாதி நுழையும், கை மாறும்போது நழுவி வெளியே வந்துவிடும். அடுத்த முறை தம்பி பூட்டும்போது உற்றுப் பாருங்கள், இதைக் கண்ணால் காணலாம்.

கை மாறுவது ஏன் அவ்வளவு கடினம்? வலது கையை மூளையின் இடது பக்கம் நடத்துகிறது, இடது கையை வலது பக்கம் நடத்துகிறது. இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று பேச, நடுவில் ஒரு தடித்த நரம்புக் கற்றை இருக்கிறது. நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்பு உறை படர்ந்தால்தான் செய்தி வேகமாக ஓடும். உறையில்லாத மெல்லிய இழையில் செய்தி நொடிக்கு இரண்டு மீற்றருக்கு மேல் போகாது. நன்றாக உறை போர்த்திய தடித்த இழையில் நொடிக்கு 120 மீற்றர்வரை ஓடும். பிள்ளைகளுக்கு இந்த உறை வருடக்கணக்காகப் படர்ந்துகொண்டே இருக்கிறது. நடுவில் உள்ள அந்தக் கற்றையில் வேலை இருபது வயது தாண்டியும் நடக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டு பொத்தான் பூட்டினீர்களே, எப்படி முடிந்தது? கை எங்கே இருக்கிறது என்று கண் சொல்லவில்லை. பிறகு யார் சொன்னது?

பார்த்தல், கேட்டல், முகர்தல், சுவைத்தல், தொடுதல் என்று ஐந்து புலன்களைப் பாடத்தில் படிக்கிறோம். உடம்புக்குள் இன்னொரு புலன் மறைந்து வேலை செய்கிறது. தசைகளுக்குள் தசைக்கதிர் என்னும் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று அவை ஓயாமல் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. நாண்களிலும் மூட்டுகளிலும் வேறு உணர்விகள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து, இப்போது முழங்கை மடங்கியிருக்கிறது, கை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று மூளை தெரிந்துகொள்கிறது. விடியற்காலை இருட்டில், தோட்டத்து அம்மா படங்கை இடுப்பில் சுற்றி, கயிற்றைப் பின்னால் கொண்டுபோய் முடிந்துகொள்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் முடிச்சு விழுகிறது. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

இந்தப் புலன் இல்லாமல் போனால் என்ன ஆகும்? இங்கிலாந்துக்காரரான இயன் வாட்டர்மன் என்பவருக்கு அப்படி நடந்தது. 1971-ல் அவருக்கு 19 வயது. காய்ச்சல் ஒன்று வந்தது. அதைத் தொடர்ந்து கழுத்துக்குக் கீழே தொடுகை உணர்வும், உறுப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அந்த உணர்வும் போய்விட்டன. தசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை அசைந்தன. ஆனால் கை எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கட்டிலில் எழுந்து உட்காரவே பல மாதங்கள் பாடுபடவேண்டியிருந்தது. அவர் தோற்றுவிடவில்லை. கையைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அசைவையும் மனத்தில் திட்டமிட்டு, உட்கார, சாப்பிட, உடுக்க, நடக்க எல்லாவற்றையும் திரும்பப் படித்துக்கொண்டார். அறையில் விளக்கு அணைந்துவிட்டால் மட்டும் அவரால் நிற்க முடியாது. மருத்துவர் ஜொனதன் கோல் இவரைப் பல வருடம் ஆராய்ந்து புத்தகமே எழுதியிருக்கிறார்.

சின்னத் தங்கச்சிக்கு அந்தப் புலன் இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்பதுதான் இன்னும் முழுதாகத் தெரியாது. இதனால்தான் அவள் பொத்தானைக் குனிந்து பார்த்துப் பார்த்துப் பூட்டுகிறாள். அதனால்தான் கழுத்துக்குக் கீழே இருக்கும் மேல் பொத்தான் அவளுக்கு மிகவும் கடினம். அதைப் பார்க்க முடியாது. வயிற்றுக்கு நேரே இருக்கும் பொத்தான் எளிது. எனவே கீழிருந்து மேலாகப் பூட்டச் சொல்லுங்கள். கீழ் விளிம்புகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தொடங்கினால் பொத்தான் மாறிப் போய் ஒரு பக்கம் தொங்குவதும் இராது.

காற்சட்டைக்குக் கையைவிடக் காது முக்கியம் என்றால் நம்புவீர்களா? எழுந்து நின்று, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். எளிது. அப்படியே கண்ணை மூடுங்கள். உடனே ஆட்டம் காண்கிறதா? ஒவ்வொரு காதின் உள்ளேயும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசைந்து, எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று மூளைக்குச் சொல்கிறது. கண், பாதம், தசை ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளோடு அதைச் சேர்த்து, பின்மண்டையில் இருக்கும் மூளி என்னும் பகுதி நம்மை விழாமல் பிடித்துக்கொள்கிறது. காற்சட்டைக்குள் ஒரு காலை விடும் பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறது, குனிகிறது, கீழே பார்க்கிறது, இரண்டு கையாலும் துணியை இழுக்கிறது. நான்கு வேலையும் ஒரே நேரத்தில்! ஒரு சின்னப் பலகைக்கட்டையில் உட்கார வைத்தால் அந்த நான்கில் கடினமானது போய்விடும். இரண்டு காலையும் உட்கார்ந்தபடியே நுழைத்துவிட்டு, எழுந்து நின்று மேலே இழுத்தால் முடிந்தது. பெனியனைத் தலை வழியாகப் போடும்போது அலறுகிற பிள்ளைகளுக்கும் இதே காரணம்தான். துணி முகத்தை மூடியதும் கண் தரும் செய்தி நின்றுவிடுகிறது, கைகளும் மேலே சிக்கியிருக்கின்றன. உட்கார்ந்து போட்டால் பயம் பாதியாகும்.

இந்த வேலைகள் எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. கழற்றுவது எப்போதும் போடுவதற்கு முந்திவிடும். ஒரு வயதில் காலுறையைப் பிடுங்கி எறிவார்கள், இரண்டு வயதில் சப்பாத்தைக் கழற்றுவார்கள். மூன்றில் இடுப்பு இலாஸ்டிக் காற்சட்டையை மேலே இழுப்பார்கள். நான்கை ஒட்டிப் பெரிய பொத்தான், அப்புறம் சின்னப் பொத்தான். சப்பாத்து நாடாவை முடிவது கடைசி, ஐந்து ஆறு வயதில், சிலருக்கு அதற்கும் பிறகு. உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை முந்திவிட்டால் தம்பியைக் கேலி செய்யாதீர்கள். ஒவ்வொருவருக்கும் வேகம் வேறு.

உடுப்புப் போடுவதை ஒரு பாடமாகவே சொல்லிக்கொடுத்த ஒருவர் இருந்தார். மரியா மொன்டிசோரி. இத்தாலியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்களுள் ஒருவர். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1907-ல் ரோம் நகரின் ஓர் ஏழைக் குடியிருப்பில் சின்னப் பிள்ளைகளுக்கான வீடு ஒன்றைத் தொடங்கினார். அங்கே அவர் வைத்த பொருட்களில் உடுப்புச் சட்டகங்களும் உண்டு. சதுரமான மரச் சட்டம், அதன் இரண்டு பக்கமும் துணி, நடுவில் அவற்றைச் சேர்க்கிற பொத்தான்கள். இன்னொரு சட்டத்தில் கொளுக்கி, இன்னொன்றில் நாடா, இன்னொன்றில் வார்ப்பூட்டு. சட்டை உடம்பில் இருக்கும்போது குனிந்து பார்க்கவேண்டும், பிள்ளைக்குச் சிரமம். அதையே மேசைமேல் வைத்துக் கண்ணுக்கு நேரே காட்டினால் விரல்கள் பழகிக்கொள்ளும். பிறகு தன் சட்டையில் செய்யலாம். எவ்வளவு எளிமையான யோசனை, எவ்வளவு அன்பான யோசனை!

அவர் நம் பக்கத்துக்கும் வந்தார். 1939-ல் மகன் மரியோவுடன் சென்னை வந்து, அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பிரித்தானியாவுக்கு எதிராக இறங்கியதும் அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்கினார், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944-ல் இலங்கைக்கும் வந்தார். நம் நாட்டில் முன்பள்ளியைப் பலர் இன்றைக்கும் "மொன்டிசோரி" என்றே சொல்கிறார்களே, அந்தப் பெயர் இவருடையதுதான்.

சட்டகம் கடையில் வாங்கவேண்டியதில்லை. அப்பாவின் பழைய சேட் ஒன்றை ஒரு தலையணைக்கு மாட்டிவிடுங்கள். தம்பி அதன்மேல் பொத்தான் பூட்டிப் பழகட்டும்.

அடுத்ததாக, எப்படி உதவுவது என்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கைப்பழக்கங்களைச் சொல்லிக்கொடுக்கும் சிகிச்சையாளர்கள் இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். காலுறை என்றால், நீங்கள் விரல்களில் மாட்டி, குதிகாலையும் தாண்டி இழுத்துவிடுங்கள். மேலே இழுத்து முடிக்கிற வேலை மட்டும் தங்கச்சிக்கு. அது வந்ததும், அடுத்த நாட்களில் குதிகாலுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். அப்படியே ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். முதல் படியிலிருந்து தொடங்கினால் பிள்ளை பாதியில் களைத்து, உங்களிடம் கொடுத்துவிடும். வெற்றியைச் சந்திப்பது நீங்கள்தான். கடைசிப் படியைக் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் வேலையை முடிப்பது அவள். அந்தச் சந்தோஷம்தான் நாளைக்கும் அவளைக் காலுறையிடம் கூட்டிக்கொண்டு வரும்.

இன்னொன்று. தம்பிக்கு முன்னால் நின்று காட்டினால் உங்கள் வலது கை அவனுக்கு இடது பக்கம் தெரியும். அவன் மூளை எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ளவேண்டும். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, உங்கள் கைகளை அவன் கைகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து செய்து காட்டுங்கள். அப்போது அவன் பார்ப்பதும் செய்வதும் ஒரே பக்கமாக இருக்கும்.

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை விடியலில் சுவெட்டர் இல்லாமல் முடியாது. முன்பக்கம் திறக்கும் சுவெட்டரையோ மழைக்கோட்டையோ மூன்று வயதுப் பிள்ளை தானே போட ஒரு வழி உண்டு, செய்து காட்டினால் வீட்டில் எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். சுவெட்டரைப் பாயில் விரியுங்கள், உட்பக்கம் மேலே தெரியவேண்டும். கழுத்துப் பக்கம் பிள்ளையின் காலடியில் இருக்கட்டும். பிள்ளை குனிந்து இரண்டு கையையும் அந்தந்தப் பக்கத்துக் கையறைக்குள் நுழைக்கட்டும். பிறகு இரண்டு கையையும் நேராகத் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோய்ப் பின்னால் விட்டால், சுவெட்டர் புரண்டு முதுகில் சரியாக உட்கார்ந்துவிடும். சாதாரணமாகப் போடும்போது இரண்டாவது கை முதுகுக்குப் பின்னால் துளையைத் தேடுகிறது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். இந்த முறையில் இரண்டு துளையும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. முதல் தடவை அது தலைக்கு மேல் பறந்து வந்து விழும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

குளித்த உடனே சட்டை போட வைக்காதீர்கள். ஈர உடம்பில் துணி ஒட்டிக்கொள்ளும். துணிக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் நின்று இரண்டையும் இழுத்துப் பிடிக்கிறது. நீரின் பரப்பு இழுவிசை என்று பின்னர் படிப்பீர்கள். உலர்ந்த கைக்கு வழிவிடும் கையறை ஈரக்கைக்கு வழிவிடாது. நமது பக்கத்து ஈரக் காற்றில் உடம்பு தானாக உலரவும் நேரமாகும். துவாயால் அக்குள், முழங்கை மடிப்பு எல்லாம் நன்றாகத் துடைத்துவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

பாடசாலைச் சீருடைக்கு அரசாங்கம் இலவசமாகத் துணி கொடுக்கும் வழக்கம் 1993-ல் தொடங்கியது. துணியாக வருவதில் ஒரு நன்மை இருக்கிறது. முதலாம் தரத்துக்குப் போகும் தம்பிக்குத் தைக்கும்போது, கொஞ்சம் பெரிய பொத்தானாக வைத்துத் துளையையும் சற்றுத் தளர்வாக விடும்படி தையற்காரரிடம் சொல்லலாம். புதுச் சட்டையின் துளை இறுக்கமாக இருக்கும்; பெரியவர்களுக்கே கடினம். முதல் நாளைக்கு முன்பே ஒருமுறை துவைத்து, ஒவ்வொரு பொத்தானையும் பல தடவை பூட்டிக் கழற்றிப் பழக்கிவிட்டால் அது இளகிவிடும். சப்பாத்து இடம் மாறாமல் இருக்க, ஒரு யானைப் படத்தை இரண்டாக வெட்டி, பாதியை ஒன்றின் உள்ளேயும் மறுபாதியை மற்றதன் உள்ளேயும் ஒட்டுங்கள். இரண்டும் சேர்ந்து யானை முழுதாகத் தெரிந்தால் கால் சரி. வலது இடது என்ற சொற்கள் ஆறு ஏழு வயதுவரை குழப்பும், யானை குழப்பாது.

யானை என்றதும் பெரஹரா நினைவுக்கு வந்துவிட்டதா? கண்டி எசல பெரஹராவில் வெஸ் நடனக் கலைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளி மின்னும் தலையணியோடு சேர்த்து அந்த உடைக்கு 64 அணிகள் என்பது மரபு. நிலமேமார் இடுப்பில் சுற்றியிருக்கும் துணியோ சுற்றிச் சுற்றி மலைபோல் இருக்கும். இந்த உடைகளை ஒருவர் தனியாகப் போட்டுக்கொள்ள முடியாது, கைதேர்ந்தவர்கள் கூட நின்று உடுத்திவிடுவார்கள். உடுப்புக்கு உதவி கேட்பது சின்னப் பிள்ளைகள் மட்டும் செய்கிற காரியமில்லை.

பாரிசவாதம் வந்து ஒரு கை பலவீனமான தாத்தா வீட்டில் இருக்கிறாரா? கையில் தசை இறுக்கமுள்ள பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கிறதா? அவர்களுக்கு உதவும்போது ஒரு விதி: போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அந்தக் கை கடைசியில். முதல் கையறைக்குள் கை போகும்போது சட்டை தளர்வாகத் தொங்குகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் வளைத்துக் கொடுக்கலாம். இரண்டாவது கைதான் பின்னால் வளைந்து தேடவேண்டும், அதை நல்ல கை செய்யட்டும். தம்பியின் கையில் காயம் பட்டுக் கட்டுப் போட்டிருந்தாலும் இதே விதிதான்.

கடைசியாகச் சப்பாத்து. ஒட்டுப்பட்டி வைத்த சப்பாத்து இருந்தால் நாலு வயதிலேயே தானே போடலாம். சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-ல் நாயோடு நடந்துவிட்டு வந்து, நாயின் முடியில் ஒட்டியிருந்த முட்காய்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நுனியெல்லாம் குட்டிக் கொக்கிகள்! அதைப் பார்த்துத்தான் கொக்கியும் வளையமுமான அந்தப் பட்டியை உருவாக்கினார். 1955-ல் காப்புரிமை பெற்றார். ஹந்தானைப் பக்கம் ஏறிவிட்டு வரும்போது காற்சட்டையில் ஒட்டிக்கொள்ளும் நாயுருவியைப் பிடுங்கி எறியாமல் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

நாடா வைத்த சப்பாத்து வரும்போது நீங்கள்தான் ஆசிரியர். சொல்லிக்கொடுக்குமுன் உங்கள் முடிச்சைச் சரிபாருங்கள். ஓடும்போது நாடா தானாக அவிழ்வது ஏன் என்று கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். வேகக் கமராவில் பார்த்தபோது, பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி புவியீர்ப்பைப்போல் ஏழு மடங்கு விசையோடு முடிச்சைக் குலுக்கித் தளர்த்துகிறது. கால் வீசும்போது நாடாவின் நுனிகள் சாட்டைபோல் இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் சில நொடிகளில் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. எல்லா முடிச்சும் ஒன்றுபோல் அவிழ்வதில்லை. இப்போது குனிந்து உங்கள் சப்பாத்தைப் பாருங்கள். முடிச்சின் இரண்டு காதுகளும், அதாவது வளையங்களும், சப்பாத்துக்குக் குறுக்காக, இடமும் வலமுமாகக் கிடந்தால் அது உறுதியான முடிச்சு. விரல் பக்கமும் கணுக்கால் பக்கமுமாகத் திரும்பிக் கிடந்தால் அது பலவீனமான முடிச்சு, பாடசாலை இறக்கத்தில் ஓடும்போது அவிழும். திருத்துவது எளிது. முதல் முடிச்சில் வலது நாடாவை இடதின் மேல் போடுகிறவர்கள் இனி இடதை வலதின் மேல் போடுங்கள். காது வைக்கிற வேலையை மாற்றவேண்டாம். இதை நீங்கள் ஒரு வாரம் செய்து பழகிவிட்டு, பிறகு தம்பியின் பின்னால் போய் உட்காருங்கள்.